செத்தவன் மறுபடி பிறப்பானா, மாட்டானா?

பேங்க் எக்ஸாம், கேம்பஸ் இன்டர்வியூன்னு அலைஞ்ச எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கம்.

முடிவு 1: எல்லாப் பேனாவும் சிவப்பு.
முடிவு 2: எந்தப் பேனாவும் சிவப்பு இல்லை.

'இரண்டில் ஏதோ ஒன்று சரி'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அவசரத்துல அதை டிக் அடிச்சா போச்சு. பாதி சிவப்பு, பாதி நீலம்னா ரெண்டு முடிவுமே தப்பு! மூணாவது வழியை மறைச்சுட்டு 'இதுவா, அதுவா'ன்னு கேக்கறதுதான் பொறி.

இதைப் பத்தி ஆயிரம் வருசத்துக்கும் முன்னாடியே ஒரு மதுரைக்காரர் எழுதிட்டார். அவர்தான் கூலவாணிகன் சாத்தனார் (கூலம்னா தானியம்). மணிமேகலைன்னா நமக்கு அமுதசுரபியோட கதை முடிஞ்சுடும். ஆனா 29-ஆவது காதையில பெரும்பகுதி தர்க்கம். கடைசி, அதாவது 30-ஆவது காதையில, கேள்விக்குப் பதில் சொல்ல நாலு வழின்னு அறவண அடிகள் சொல்றார்:

1. துணிந்து சொல்லல்: தோன்றினது அழியுமா? அழியும். நேரடி பதில்.
2. கூறிட்டு மொழிதல்: செத்தவன் மறுபடி பிறப்பானா, மாட்டானா? பற்று அறுத்தவனா, அறுக்காதவனான்னு பிரிச்சுக்கணும்.
3. வினாவின் விடுத்தல்: விதை முந்தியா, பனை முந்தியா? எந்த விதை, எந்தப் பனைன்னு திருப்பிக் கேக்கணும்.
4. வாய்வாளாமை: ஆகாயத்துல பூத்த பூ பழசா, புதுசா? பதிலே கிடையாது, மௌனம்தான்.

இரண்டாவதுதான் நம்ம பேனா கணக்கு. நாலாவது இன்னும் அருமை. இல்லாத பூவுக்குப் பழசு என்ன, புதுசு என்ன?

இந்த நாலு வகையும் பாலி மொழி அங்குத்தர நிகாயத்துலயும் உண்டு. பௌத்தர்கள் மட்டும்னு இல்ல. எங்க நாகமலை புதுக்கோட்டை பக்கத்துல கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கு. 9, 10-ஆம் நூற்றாண்டு தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும் அங்க பார்க்கலாம். அந்தச் சமணர்களோட சியாத்வாதமும் 'ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை'ன்னு ஏழு விதமாப் பிரிக்கும். தங்களுக்குள்ள ஓயாம வாதாடின ரெண்டு கூட்டமும், பதிலுக்கு முன்னாடி கேள்வியைச் சோதிக்கணும்ங்கறதுல ஒண்ணு.

பரீட்சைக்குப் போறவங்களுக்கு ஒரே டிப்ஸ்: ரெண்டும் சேர்ந்து பொய்யாக முடியுமா? முடியும்னா அது பொறி. 'எல்லாப் பேனாவும் சிவப்பு', 'சில பேனா சிவப்பு இல்லை' இந்த ஜோடி ரெண்டும் சேர்ந்து பொய்யாகாது. அது அசல்.

2001 செப்டம்பர் 20-ல அமெரிக்க அதிபர் புஷ், எல்லா நாடுகளையும் பார்த்து 'எங்க பக்கமா, தீவிரவாதி பக்கமா'ன்னு கேட்டதும் பேனா கணக்குதான். அவ்வளவு தூரம் ஏன்? பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டுல 'இன்ஜினியரிங்கா, மெடிக்கலா?'ன்னு கேப்பாங்களே! சரித்திரம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை அந்தக் கேள்வியிலயே காணாமப் போயிடும். பரீட்சையில தப்பினா ஒரு மார்க்தான். இங்க போறது ஒரு வாழ்க்கை.

உங்களை மாட்டிவிட்ட 'இதுவா, அதுவா' எதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. வாய்வாளாமை கூடாது :-)