தொகுப்பும் மூலமும்: வன்னியின் வீடியோப் பதிவுகளும் புறவன்தட்டும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுவீதியிலே தருமபுரம், விசுவமடு ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர் உடையார்கட்டை அடைவர். குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த இவ்வூரும், அயலிலுள்ள சுதந்திரபுரம், வள்ளிபுனம் முதலாய இடங்களும் 2009ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு அறிவித்த ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அவ்வலயத்துள்ளும் எறிகணைகள் வீழ்ந்தமையும், உடையார்கட்டில் இயங்கிய மருத்துவமனை தாக்குண்டமையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிற் பதிவாகியுள்ளன. கிளிநொச்சியிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் பெயர்ந்து வந்தோர் இங்குச் சில நாள் தங்கி, மேலும் கிழக்கே புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எனச் சென்றனர். ஒவ்வோர் இடத்திலும் சுமை குறைந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் நகையும் கையோடு சென்றன. ஏனையவற்றைப் பலர் மண்ணிற் புதைத்துவிட்டுச் சென்றனர்.

இவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒருவகைப் பொருளைப் பற்றி மட்டும் இங்கு நோக்குவோம். அது வீடியோப் பதிவு. குறிப்பாக, படத்தொகுப்புக்கென எடுக்கப்பெற்று வட்டுகளிலே தங்கியிருந்த மூலப்பதிவு. தொகுத்து முடிக்கப்பெற்ற படங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றுக்கு ஆதாரமான மூலப்பதிவுகளைத் தேடுவோர்க்கு அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. இதற்குப் போரே காரணம் என்று கூறி அமைந்துவிடலாம். ஆயின், போர் ஒன்றே காரணமன்று என்பதும், படத்தொகுப்புத் தொழிலில் வட்டு பெற்ற இடமே இவ்வழிவுக்கு முன்னரே வழிவகுத்திருந்தது என்பதும் என் கருத்து.

தொகுப்புக் கணினிக்குப் புறத்தே வட்டு வைத்தல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகளை அடுக்கி, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே கொண்டிருந்தது. எழுத்தைக் காக்க அதுவே போதுமாயிருந்த காலம் அது. அசையும் படத்துக்கோ அது போதாது. 1971இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.எம்.எக்ஸ். 600 என்னும் பொறியே நாடாவை முன்னும் பின்னும் சுழற்றாது, விரும்பிய காட்சியை விரும்பியவிடத்து உடனே எடுத்துத் தொகுக்கும் முறையை முதன்முதலிற் செயற்படுத்தியது. அப்பொறிக்குச் சலவை இயந்திரம் போன்ற பருமனுடைய வட்டுப்பெட்டிகள் பல வேண்டியிருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து தாங்கியது அரைமணி நேரக் கறுப்பு வெள்ளைப் படமே. அதுவும் தொகுப்பாளர் பார்த்துத் தீர்மானிப்பதற்குரிய தரங்குறைந்த படம். தீர்மானம் முடிந்தபின் வட்டு அழிக்கப்பட்டு, அடுத்த வேலைக்கு ஆயத்தமாகும். உண்மையான படம் நாடாவிலே வேறிடத்தில் இருந்தது.

இங்கேதான் ஒரு வழக்கம் வேரூன்றிற்று. வட்டு என்பது வேலை செய்யும் மேசை. பேணும் அலுமாரி அன்று. 1989இல் அவிட் தொகுப்புப் பொறி அறிமுகமானபோதும் நிலைமை இதுவே. கணினிக்கு வெளியே வட்டுகளை இணைத்து, படத்தைப் பெரிதும் சுருக்கி ஏற்றி, வெட்டுமிடங்களைத் தீர்மானித்து, பின்னர் அக்குறிப்புகளைக் கொண்டு படச்சுருளையே வெட்டினர். 1994இல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’ இந்தியாவில் அவிட் முறையைப் பயன்படுத்திய முதற்படம் எனக் குறிப்பிடப்படுவதுண்டு. அப்படத்துக்கும் மூலம் வட்டிலன்று, படச்சுருளிலேயே இருந்தது. ஆதலின் வட்டு பழுதுற்றால் வேலைதான் வீணாகும், படம் வீணாகாது.

1995இல் டி.வி. என்னும் எண்ணிம நாடா வந்ததும், அதே ஆண்டில் பயர்வயர் இணைப்பு நியமமானதும் இத்தொழிலைச் சிறிய கடைக்காரர் கைக்கும் கொண்டுவந்தன. கமராவிலுள்ள பதிவு தரங் குன்றாது அப்படியே கணினிக்குள் இறங்கியது. நொடியொன்றுக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட். 2000களின் தொடக்கத்திலும் கணினிகளின் வன்தட்டு பெரும்பாலும் 40 அல்லது 80 கிகாபைட் கொள்ளளவினதே. ஒரு திருமணத்துக்கு நான்கு நாடா எடுத்தால் 52 கிகாபைட் ஆயிற்று. ஆகவே புறவன்தட்டு ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவையாயிற்று. 1998 அளவில் வழங்கிய யூ.எஸ்.பி. 1.1 நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தையே தந்தமையால் டி.வி. படத்தை அதன்வழி ஓட்ட இயலவில்லை. 2000ஆம் ஆண்டின் யூ.எஸ்.பி. 2.0 வந்த பின்னரே மலிவான புறவன்தட்டு தொகுப்புக்கு உதவிற்று. வாங்கிய வட்டு பெரும்பாலும் பாற் 32 என்னும் அமைப்பிலே இருக்கும். அது 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை, டி.வி. பதிவு பதினெட்டு நிமிடம் சென்றதும் தடைப்படும். தாலி கட்டும் வேளையில் எடுத்த நாடாவை ஏற்றும்போது இத்தடை நேர்ந்து மயங்கியோர் எத்தனை பேரோ!

தொகுப்பு மென்பொருளின் இயல்பொன்றையும் இவ்விடத்தில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். அடொப் பிரீமியர் ஆயினும் பைனல் கட் புரோ ஆயினும், தொகுப்பாளர் சேமிக்கும் திட்டக்கோப்பினுள்ளே படம் இருப்பது வழமையன்று. ‘இன்ன வட்டில், இன்ன உறையில், இன்ன கோப்பில், இந்நொடி முதல் இந்நொடி வரை’ என்னும் குறிப்புகளே அதில் உள்ளன. வட்டைக் கழற்றிவிட்டால் மென்பொருள் சிவந்த திரையொன்றைக் காட்டிப் பதிவு இல்லை என்று சொல்லும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்கள் அழிந்தன என்பர். அந்நூல்களின் பட்டியல் மட்டும் ஒருவர் கையில் இருந்தால் அஃது எதற்குப் பயன்படுமோ, அதற்கே வட்டிழந்த திட்டக்கோப்பும் பயன்படும்.

இனி வன்னிக்கு வருவோம். தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையின்கீழ் மின்கலமும் எரிபொருளும் அரிதாயிருந்த நிலத்திலே வீடியோத் தொழில் நடப்பதே கடினம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் கண்டி வீதி திறந்தது. கணினியும் கமராவும் வந்தன. மின்பிறப்பாக்கியின் துணையோடு தொகுப்பு நிலையங்கள் இயங்கின. விடுதலைப் புலிகளின் ஒளிவீச்சுப் பிரிவான நிதர்சனம் பரந்த அளவிற் பதிவுகளைச் செய்தது. 2005இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதிவழி ஒளிபரப்பாயிற்று. ஜோன் மகேந்திரனின் இயக்கத்தில் வன்னியிற் படமாக்கப்பெற்ற ‘ஆணிவேர்’ 2006இல் வெளிவந்தது. இவையெல்லாம் அறியப்பட்ட செய்திகள். இவற்றினும் எண்ணிக்கையில் மிகுந்தவை, யாரும் பட்டியலிடாத வீட்டுப் பதிவுகள்: திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயிற்றிருவிழா, செத்தவீடு. புலம்பெயர்ந்த உறவினர் வரமுடியாத நிலையில் அவர்களுக்கு அனுப்புவதற்கென்றே இவை எடுக்கப்பட்டன.

ஆகவே தொகுப்பு முடிந்த படம் கசற்றாகவோ டி.வி.டி. ஆகவோ ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் சென்றது. மூலப்பதிவோ கடையிலுள்ள வட்டிலே கிடந்தது. அடுத்த திருமணம் வந்ததும் அழிக்கப்பட்டது. நாடாவும் மீண்டும் பயன்பட்டது. 2006 ஓகஸ்டில் கண்டி வீதி மீளவும் மூடப்பட்டபின் புதிய நாடாவுக்கும் வட்டுக்கும் வழி அருகியமையால் பழையதை அழித்துப் பயன்படுத்தும் தேவை மேலும் கூடியிருக்கும். 2009இல் அழிந்தது இவ்வாறு எஞ்சியிருந்த எச்சமே. இடப்பெயர்வின்போது புதைக்கப்பட்ட வன்தட்டும் நெடுநாள் நிலைப்பதில்லை. மழைகாலத்து ஈரம் மின்சுற்றை அரிக்கும். தட்டின்மேல் நனோமீற்றர் சில உயரத்தே மிதந்து படிக்கும் முனை சிறு துகளுக்கும் தாங்காது.

வெளியே சென்றது எஞ்சிற்று. உள்ளே இருந்தது அழிந்தது. இன்று ஆவணக் காப்பாளர் மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்று கூறும் விதியின் கடைசிப் பகுதியை வன்னி மக்கள் உறவின் பொருட்டு, தம்மை அறியாமலே பின்பற்றினர் எனலாம். ஆயின் அவ்வாறு சென்றது தொகுப்பு மட்டுமே. மணமக்களின் முகத்தைக் காட்ட வெட்டப்பெற்ற அப்படத்தில், பந்தலுக்கு அப்பால் இருந்த வீடும் வேலியும் தெருவும் கணப்பொழுதே தோன்றி மறைகின்றன. தொகுப்பாளருக்கு வேண்டாதவை அவை. வரலாற்று மாணவனுக்கு வேண்டியவையோ அவையே.

மூலம் இல்லாத பதிவு எத்தகைய வழக்குக்கு இடமளிக்கும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2009 ஓகஸ்ட் 25இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, இலங்கைப் படையினர் கைதிகளைச் சுட்டுக் கொல்வதாகக் காட்டிய பதிவொன்றை ஒளிபரப்பியது. அது புனையப்பட்டதென அரசு மறுத்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணரைக் கொண்டு ஆராய்வித்து, பதிவு உண்மையானதாகவே தோன்றுகின்றது என 2010 ஜனவரி 7இல் அறிவித்தார். எனினும் விளக்கம் பெறாத சில கூறுகளையும் அவர் மறைக்கவில்லை. கோப்பினுள் 2009 யூலை 17 என்னும் திகதி பதிந்திருந்தது. முடிவில் 17 சட்டங்கள் தொடர்பின்றிக் காணப்பட்டன. போர் முடிந்ததோ மே மாதத்தில். கோப்பொன்று கருவிவிட்டுக் கருவி மாறும்போதும், மென்பொருளில் ஏற்றி மீள எழுதப்பெறும்போதும் இத்தகைய குறிப்புகள் மாறக்கூடும் என்பது தொழிலறிந்தோர்க்குத் தெரியும். ஆயினும் எடுத்த கருவியிலிருந்த முதற்கோப்பு கையில் இல்லாதவிடத்து அதை ஐயமற நிறுவுதல் எளிதன்று. பின்னர் நீண்ட படியொன்று கிடைத்து, அவருக்குப் பின் அப்பதவியிலிருந்த கிறிஸ்தோவ் ஹெயின்ஸ் அதனையும் ஆராய்வித்து 2011இல் உண்மையென முடிவுகூறினார். இடையிற் கழிந்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

இன்று நம் மாணவர்கள் கையடக்கத் தொலைபேசியிலே முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்து, புறவன்தட்டில் ஏற்றித் தொகுக்கின்றனர். பத்து நிமிடப் படம் முடிந்ததும் இரண்டு மணி நேர மூலத்தை ‘இடம் போதாது’ என்று அழிப்போரும் உளர். தொகுத்த பத்து நிமிடத்தை யாரும் பார்க்கலாம். முதியவர் தயங்கிய இடத்தையும் திருத்திச் சொன்ன பெயரையும் அழித்த பதிவில் மட்டுமே காணமுடியும். 2005 முதல் அச்சுநூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகத் திட்டம் போன்ற முயற்சிகள் எழுத்துக்கு ஓரளவு காப்பளித்துள்ளன. அசையும் படத்துக்கு அத்தகைய காப்பு நம்மிடையே இன்னும் போதிய அளவில் அமையவில்லை. வட்டின் விலை அதற்கு இன்று தடையும் அன்று.

புலம்பெயர்ந்தோர் வீடுகளிலுள்ள கசற்றுகளின் நிலையோ அவசரமானது. டி.வி. நாடாவை இறக்கத் தேவையான பயர்வயர் இணைப்பு இன்று விற்பனையாகும் கணினிகளில் இல்லை. வீட்டுக் கசற்றுகளை ஓட்டும் வீ.சி.ஆர். கருவியைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த யப்பானியப் பூனாய் நிறுவனம் 2016 யூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய கருவிகள் ஒவ்வொன்றாய்ப் பழுதடைகின்றன. திருத்துவோரும் குறைந்து வருகின்றனர்.