நக்கிள்ஸ் வெடியுப்புக் குகை

இலங்கையின் கண்டி மாவட்டத்தில், ஹுன்னஸ்கிரியவுக்கு வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் காட்டுக்குள் இருக்கும் சுண்ணக்கல் குகை. மலையேறுவோரும் வழிகாட்டிகளும் இதை 'நைட்ரோ குகை' என்பார்கள். கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குப் போகும் வீதியில், ஹுன்னஸ்கிரிய சந்தியில் பிரியும் மலைப்பாதை தேயிலைத் தோட்டங்களையும் லூல்வத்தையையும் கடந்து, கோர்பெட்ஸ் கேப் கணவாயில் ஏறி, மீமுரே கிராமத்துக்கு இறங்குகிறது. அந்தப் பாதையை விட்டு, அட்டைகள் மிகுந்த காட்டுக்குள் நெடுநேரம் நடந்தால்தான் குகையை அடையலாம். 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்ட நிலம் என்பதால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற இலங்கை மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் நக்கிள்ஸும் ஒன்று. குகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதை இயற்கையின் அதிசயமாகவே காட்டுகிறார்கள். சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. நீர், உயிர்கள், மனிதனின் கோடரி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆக்கிய தொழிற்களம் இது. இங்கே யார், எப்போது, எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதையும் அந்த உண்மையிலிருந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

இலங்கையில் குகை என்றதும் தம்புள்ளையோ, துறவிகளுக்குத் தானம் செய்யப்பட்ட பிராமி எழுத்துப் பொறித்த கற்குகைகளோ நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் கடினமான பாறைச் சரிவுகளின் அடியில் அமைந்த ஒதுக்கிடங்கள். நீர் கல்லைக் கரைத்துக் குடைந்தவை அல்ல. கரைந்து உண்டாகும் குகைக்குச் சுண்ணக்கல் வேண்டும். அது இந்தத் தீவில் இரண்டு வேறுபட்ட வடிவங்களில் கிடைக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடலடிப் படிவு. துளை நிறைந்தது, நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் நமக்குத் தந்தது அதுதான். கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சுண்ணக்கல்லோ கேம்பிரியனுக்கு முந்திய பழம்பாறை. பூமிக்குள் ஆழத்தில் வெந்து அழுந்திப் பளிங்காக உருமாறியது. திகனப் பக்கத்தில் வெட்டியெடுக்கப்படும் டொலமைட்டும் மாத்தளைச் சுண்ணாம்புச் சூளைகளில் வேகும் கல்லும் இந்த இனத்தவை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லிய அமிலமாகி இந்தக் கல்லையும் கரைக்கும். ஆனால் படிகக் கல்லில் நீர் புகுவதற்கு வெடிப்புகளைத் தவிர வேறு வழி இல்லை. கரையாத பாறைகளுக்கு நடுவே மெல்லிய பட்டைகளாகப் பளிங்கு கிடப்பதால் குகை அகன்று கிளைவிடவும் இடமில்லை. போர்னியோவின் சரவாக்கில், முலு மலைக்குள் இருக்கும் மாபெரும் கூடங்களை எதிர்பார்த்து இங்கே வருபவர் ஏமாந்துபோவார். ஒப்பிட வேண்டுமானால் ஆந்திராவின் போரா குகைகளோடு ஒப்பிடுவதே பொருத்தம். ஒரு காலத்தில் இலங்கையோடு கோண்டுவானா என்னும் பழங்கண்டத்தில் ஒட்டிக் கிடந்த கிழக்குத் தொடர்ச்சி மலையின் பழம்பளிங்கில்தான் அவையும் குடையப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் இந்தக் குகையின் சிறப்பு அளவிலோ கல்விழுதுகளின் அழகிலோ இல்லை. சுவரில் ஊறும் உப்பில் இருக்கிறது. வௌவால்களின் எச்சத்திலும் சிறுநீரிலும் உள்ள நைதரசன் சேர்மங்களை நுண்ணுயிர்கள் நைத்திரேட்டாக மாற்றுகின்றன. அது சுண்ணக்கல்லோடு வினைபுரிந்து கல்சியம் நைத்திரேட்டு ஆகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும் அந்த உப்பு வெடிமருந்துக்கு உதவாது. மரச்சாம்பலிலுள்ள பொட்டாசியம் கலந்தால் சுண்ணம் கீழே படிந்துவிடும். பொட்டாசியம் நைத்திரேட்டு, அதாவது வெடியுப்பு, நீரில் தங்கும். காய்ச்சி ஆறவைத்தால் படிகமாகும். மழை அடித்துச் செல்லாத, காற்றோட்டமுள்ள, சுண்ணக்கல் சுவருள்ள இடம்தான் இதற்கு ஏற்றது.

கண்டி இராச்சியத்துக்கு இந்த உப்பு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அதன் நிலவரம் சொல்லிவிடும். 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு கண்டி மன்னனுக்குக் கடற்கரையில் ஓரடி நிலமும் மிஞ்சவில்லை. கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். கரி காட்டில் கிடைக்கும். வெடியுப்பும் மலைக்குள்ளேயே கிடைத்தால், கடற்கரையைப் பிடித்திருக்கும் எதிரியைத் தாண்டி வரவேண்டியது பத்தில் ஒரு பங்கான கந்தகம் மட்டுமே. 1803இல் படையெடுத்து வந்த பிரித்தானியர் கண்டியில் தோற்றதற்கு மலையும் காய்ச்சலும் காரணம் என்று எழுதுவார்கள். அது சரிதான். ஆனால் சொந்த மருந்தில் சுடக்கூடிய நாடு என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்ட மெதமஹாநுவரப் பகுதி ஹுன்னஸ்கிரியவுக்கு அருகில்தான் இருக்கிறது. தும்பறை எனப்படும் இந்த மலைப்புறம் அரசுக்கு ஒளிவிடமாகவும் பண்டசாலையாகவும் இருந்திருக்கிறது.

இராச்சியம் வீழ்ந்த சில ஆண்டுகளுக்குள் இங்கே வந்து பார்த்து எழுதியவர் ஜோன் டேவி. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்தவர். 1821இல் வெளியான இலங்கை உள்நாட்டைப் பற்றிய நூலில் மீமுரேப் பக்கத்து வெடியுப்புக் குகையை விவரித்திருக்கிறார். தொழிலாளர்கள் உப்பேறிய பாறையின் மேற்பரப்பைச் சிறு கோடரிகளால் கொத்தி, பொடித்து, சாம்பலோடு கலந்து, நீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினார்கள் என்பது அவர் தரும் செய்தி. இதன் உட்பொருள் பெரிது. பல ஆண்டுகளின் வறண்ட பருவங்களில் சுவரைக் கொத்திக்கொண்டே போனால் குகை அகலும். இன்று பார்வையாளர் வியந்து நிற்கும் வெளியில் ஒரு பகுதி, பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பால் திறந்தது. டேவி உப்பின் காரணத்தைப் பாறையின் சுண்ணத்திலும் பெல்ட்ஸ்பார் கனிமத்திலும் காற்றிலும் தேடினார். நுண்ணுயிர்களின் வேலை என்பதை 1877இல் பிரான்சில் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் காட்டும்வரை வேதியியலுக்கு அந்தக் கண் திறக்கவில்லை. அதற்குள் இங்கிருந்த தொழிலுக்குத் தேவையே அற்றுப்போயிற்று. பீகாரின் வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிய பேரரசுக்கு, காட்டுக்குள் கொத்தியெடுக்கும் உப்பு எதற்கு?

வௌவாலுக்கு இவ்வளவு பங்கு கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. பிரித்தானியரோடு நடந்த 1812 போரின்போது வெடியுப்பு எடுக்கப்பட்ட, அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள மேமத் குகை போன்றவற்றை ஆராய்ந்தவர்களில் சிலர், நைத்திரேட்டின் பெரும்பகுதி மேலேயுள்ள காட்டு மண்ணிலிருந்து நீரோடு கசிந்து வந்தது என்று வாதிடுகிறார்கள். நக்கிள்ஸிலும் இரண்டு வழிகளும் சேர்ந்தே இயங்கியிருக்கக்கூடும். அந்த வாதம் வென்றாலும் இங்கே சொல்லும் கருத்து பலவீனப்படாது. உப்பு வௌவாலிடமிருந்து வந்தாலும், மேலே உதிர்ந்து மக்கும் இலையிலிருந்து வந்தாலும், குகைக்கு உணவு வெளியிலிருந்துதான் வருகிறது. மேலுள்ள காட்டை அழித்துவிட்டு, வௌவாலை விரட்டிவிட்டு, கல்லை மட்டும் காப்பாற்றினால் மிஞ்சுவது வெறும் ஓட்டை.

கோடரியைத் தாங்கிய குகை சில கைவிளக்குகளைத் தாங்காதா என்பது அடுத்த எதிர்வாதம். தொழிலாளர்கள் வௌவால்களுக்குத் தீங்கே செய்யவில்லை என்று சொல்ல முடியாது, செய்திருப்பார்கள். ஆனால் அவர்களது வேலைக்கு ஒரு பருவம் இருந்தது, அளவு இருந்தது. உப்பு தொடர்ந்து ஊறினால்தான் அடுத்த ஆண்டும் பிழைப்பு. சுற்றுலாவுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. கூட்டம் பெருகப் பெருக வருமானம் கூடும், கேடு உடனே கண்ணில் படாது. குகை வௌவால்களில் பெரும்பாலானவை ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். கலைந்து பறக்கும் தாயிடமிருந்து விழுந்த குட்டி பிழைப்பதில்லை. கூட்டம் ஒருமுறை இடம்பெயர்ந்தால் ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகையை 1963இல் பொதுமக்களுக்கு மூட நேர்ந்தது பார்வையாளர்களின் மூச்சும் விளக்கொளியும் செய்த கேட்டால்தான். ஒருவரும் அங்கே சுவரைக் கொத்தவில்லை. மனிதருக்கும் ஆபத்து உண்டு. வௌவால் எச்சம் குவிந்த குகைகளின் தூசியில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தரும் பூஞ்சை வாழக்கூடும். தரையைக் கிளறி நடப்பதும், குகைக்குள் நெருப்பு மூட்டித் தங்குவதும் இரு தரப்புக்கும் கேடு.

இவற்றையெல்லாம் சொன்னால், மீமுரேயின் வழிகாட்டிகளும் ஹுன்னஸ்கிரியக் கடைக்காரர்களும் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்ற கேள்வி எழும். இதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். காடு பாதுகாக்கப்பட்டதால் ஏலக்காய் வருமானத்தை இழந்த மலைக்கிராமங்களிடமும், தோட்டச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பங்களிடமும் குகையையும் மூடு என்று சொல்வது அநீதி. ஆனால் மூட வேண்டியதில்லை. இங்கே வருபவர் செலவழிப்பது நடைப்பயணத்துக்கும், உணவுக்கும், இரவுத் தங்கலுக்கும், வழிகாட்டியின் கூலிக்கும்தான். குகையின் உள்ளறைக்குள் கழிக்கும் அரைமணி நேரம் இல்லாவிட்டாலும் அந்தச் செலவு அப்படியே இருக்கும். ஆகவே குகைவாய் வரை போக எல்லோருக்கும் அனுமதி கொடுக்கலாம். உள்ளே, குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகான மாதங்களில் மட்டும், சிறு குழுக்களாக, மங்கலான சிவப்பு விளக்குடன் விடலாம். போராவைப் போல மின்விளக்குப் பொருத்தும் யோசனை இங்கே வேண்டாம்; விளக்கடியில் பாசி படரும் சிக்கலை உலகின் பல குகைகள் இன்றும் தீர்க்க முடியாமல் திணறுகின்றன. வழிகாட்டிகளுக்கு வௌவால் கணக்கெடுக்கும் பயிற்சியும் அதற்கான ஊதியமும் கொடுத்தால், உள்ளே எத்தனை பேரை விடலாம் என்ற முடிவை ஆண்டுதோறும் அவர்கள் எடுத்த கணக்கை வைத்தே திணைக்களம் எடுக்க முடியும்.