இன்சுலினை எண்ணிய இயற்பியலாளர்

உடலில் இன்சுலின் சுரக்காததால்தான் நீரிழிவு நோய் வருகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1921இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தபின், மருத்துவ உலகமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியது.

இதில் ஐயம் எழுப்பியவர்களுள் ஒருவர் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த். 1936இல் அவர் நோயாளிகளுக்குக் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, உடனே இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்கு இரத்தச் சர்க்கரை கட்டுப்பட்டது. சிலருக்கோ ஊசிக்குப் பின்னும் ஏறியது. ஆகவே நீரிழிவு இரு வகை என்றார். ஆனால், இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளந்து பார்க்க அன்று வழியில்லை. வெறும் வயிற்றில், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு!

வழி கண்டவர் அணுக்கரு இயற்பியல் பயின்ற ரோசலின் யாலோ. நியூயார்க் பிராங்க்ஸ் மருத்துவமனையில் அவரும் மருத்துவர் பெர்சனும் இன்சுலினுடன் கதிரியக்க அயோடினை இணைத்து உடலில் செலுத்தினர். முன்பே இன்சுலின் ஊசி போட்டுவந்தவர்களின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. அவர்கள் உடலில் தோன்றியிருந்த எதிர்ப்பொருள்கள் அதைப் பற்றிக்கொண்டதே காரணம். இதை இதழாசிரியர்கள் நம்பவில்லை. தலைப்பிலிருந்து 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லை நீக்கிய பின்னரே 1956இல் கட்டுரை அச்சேறியது.

அந்த எதிர்ப்பொருளையே அவர்கள் அளவுகோலாக்கினர். இருக்கைகள் குறைந்த பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பொருள்தான் இருக்கை, கதிரியக்க இன்சுலினும் நோயாளியின் இன்சுலினும் இடத்துக்குப் போட்டியிடும் பயணிகள். நோயாளியின் இன்சுலின் மிகுந்தால், கதிரியக்க இன்சுலினுக்குக் கிடைக்கும் இடம் குறையும். கதிர்வீச்சை எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

1960இல் வெளியான அளவீடு வியப்பூட்டியது. நடுவயதில் நோய் கண்ட பலரிடம் இன்சுலின் இருந்தது. குளுக்கோஸ் உண்டபின், நலமுள்ளவர்களைவிட மிகுதியாகவே இருந்தது!

அப்படியானால் குறை எங்கே? இன்சுலினின் கட்டளைக்குத் தசையும் கல்லீரலும் சரிவரப் பணிவதில்லை. தசை சர்க்கரையைக் குறைவாகவே ஏற்கிறது. கல்லீரலோ சர்க்கரையை வெளியிடுவதை நிறுத்துவதில்லை. ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை அளவு இயல்பாகவே தோன்றும். கணையத்தின் பீட்டா செல்கள் தளரும்போதுதான் அது உயர்கிறது.

பெர்சன் 1972இல் மறைந்தார். யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அவர்கள் அளந்து காட்டிய உண்மை நமக்கும் உரியது. நோய் வெளிப்படுமுன் உடல் நமக்குப் பல ஆண்டுகள் அவகாசம் தருகிறது. உழைக்கும் தசையோ இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமலே சர்க்கரையை ஏற்கும். நாள்தோறும் நடப்பது கணையத்தின் சுமையைக் குறைப்பதாகும்.