மலாக்காச் சாலைகளும் பெரிய ஸ்கூட்டரும்

ஸ்கூட்டரின் அடிப்படை அமைப்பை நிலைநிறுத்தியது 1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பா. விமானப் பொறியாளர் கொராதினோ தஸ்கானியோ வடிவமைத்த அந்த 98 சிசி வண்டியில் கால் வைக்கத் தட்டையான தளம் இருந்தது. சக்கரங்கள் சிறியவை; எஞ்சின் பின்சக்கரத்தோடு சேர்ந்தே ஆடியது. தார்ச் சாலைக்கு இது போதும். மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும்.

மலேசியாவின் மலாக்காவில் சாலைகள் இரு வகை. புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சாய் யான் என்பவர் ரப்பரை வணிகப் பயிராக நட்டபின், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழர் அங்கே பால்மரம் சீவினர். தோட்டத்துச் செம்மண் பாதைக்குப் பொருந்தியது கப்சாய். 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த இந்த வண்டிக்கு 17 அங்குலச் சக்கரம், குறைந்த எடை, கையால் கிளட்ச் பிடிக்காமல் காலால் மாற்றும் கியர். மற்ற வகை நெடுஞ்சாலை: 1994-இல் முழுமையடைந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஆயர் குரோ வழியே செல்கிறது. நெடுந்தூர வேகத்திற்கு வேறு வண்டி தேவைப்பட்டது.

அதற்குரிய பொறியியல் படிப்படியாக வளர்ந்தது. ஹோண்டா 1986-இல் நீர்க்குளிர்ச்சி கொண்ட 244 சிசி ஸ்கூட்டரையும், சுசுகி 1998-இல் பர்க்மன் 400-ஐயும் வெளியிட்டன. எஞ்சின் பெருத்தால் பின்சக்கரத்தின் சுமையும் கூடும். பள்ளத்தில் இறங்கிய சக்கரம் சாலையை மீண்டும் பற்றத் தாமதமாகும். 2001-இல் வந்த யமஹா டிமேக்ஸ் இதைத் தீர்த்தது. அதன் 499 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் மோட்டார் சைக்கிளில் போலச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டது. பின்சக்கரத்தைத் தனிக் கை தாங்கியது. இரு பிஸ்டன்களும் ஒன்றாக நகர, எதிர்த்திசையில் நகர்ந்த மூன்றாவது பிஸ்டன் அதிர்வை அடக்கியது. பெல்ட்டில் இயங்கும் தானியங்கிக் கியர் மட்டும் ஸ்கூட்டருக்கே உரியதாக நீடித்தது.

மலேசியாவில் பி2 மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் 250 சிசி வரைதான் அனுமதிக்கிறது. ஆகவே 2018-இல் யமஹா எக்ஸ்மேக்ஸ் 250-உம், 2019-இல் கெடா குருனைச் சேர்ந்த மொடனாஸின் எலெகன் 250-உம் அந்த எல்லைக்குள்ளேயே வந்தன. எக்ஸ்மேக்ஸில் எஞ்சின் பழையபடி பின்சக்கரத்தோடு ஆடினாலும், முன்சக்கரம் 15 அங்குலம். முன்ஃபோர்க் மோட்டார் சைக்கிளுக்குரியதைப் போல மேலே, கீழே என இரு இடங்களில் பிடிக்கப்பட்டது. மலேசியச் சாலையில் பெரிய ஸ்கூட்டரின் அளவைப் பொறியியலோடு லைசன்ஸ் விதியும் சேர்ந்தே தீர்மானித்தது.