தேவதாசி ஒழிப்பும் மத உரிமையும்

பொது வாழ்வில் மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன இடம் என்று கேட்பவர்கள், சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்தக் கோரி, 1927ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். மத மரபில் அரசு தலையிடக் கூடாது என்றனர் எதிர்த்தவர்கள். சத்தியமூர்த்தியும் அதை எதிர்த்தார். உரிமை பறிபோகும் என்று தேவதாசிகளிலேயே ஒரு பகுதியினர் அஞ்சினர். தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்புக்காகப் போராடினார்.

1929ல் வந்த சட்டத்தால், கோயில் ஊழியத்தை விட்டாலும் மானிய நிலம் அவர்களுக்கே என்றானது. பொட்டுக் கட்டுவதற்கு முழுத் தடை 1947ல்தான் வந்தது.

இரு தரப்புமே தர்மத்தைத்தான் பேசின. ஆனால் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியின் சம்மதத்தை மரபு கேட்டதில்லை. அரசு தலையிட வேண்டிய இடம் அதுதான்.