குறைமாதக் குழந்தையும் பார்வை நரம்பும்

34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 4 வாரத்துக்குள் விழித்திரைச் சோதனை அவசியம். அதில் ‘கோளாறு இல்லை’ என்றதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் பார்வைக் குறை மூளையிலும் இருக்கலாம்.

24 முதல் 34 வாரம் வரை, மூளையின் நீர் அறைகளை ஒட்டிய வெண்பகுதி ரத்த ஓட்டம் குறைந்தாலோ தொற்று ஏற்பட்டாலோ எளிதில் பாதிக்கப்படும். பார்வைச் செய்தியை மூளையின் பின்பகுதிக்குக் கொண்டுசெல்லும் இழைகள் அவ்வழியே போகின்றன. அவை சிதைந்தால், பாதிப்பு பின்னோக்கிப் பரவி, சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பும் மெலியலாம். அப்போது நரம்பின் நடுக்குழி பெரிதாகி, கிளாக்கோமா போலத் தோன்றும். குறைமாதப் பிறப்பை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், கிளாக்கோமா என்றே கருதப்படவும் வாய்ப்புண்டு.

இக்குழந்தைகளில் பலருக்குக் கீழ்ப்பக்கப் பார்வை குறையும். படியில் தடுமாறுவார்கள், தட்டில் தங்கள் பக்கம் உள்ள சோற்றைக் கவனிக்காமல் விடுவார்கள். இது கவனக்குறைவல்ல; திட்டுவதால் மாறாது. தட்டையும் புத்தகத்தையும் சற்று உயர்த்தி வைத்தால் உதவும்.

பேகம்பூரோ நத்தமோ, எந்த ஊராயினும் அத்தாவும் அம்மாவும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிறந்த வாரம், எடை, மூளை ஸ்கேன் விவரம் உள்ள டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கோ மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போகும்போது அதை முதலில் காட்டுங்கள். சிதைந்த நரம்பு மீளாது; ஆனால் சீக்கிரம் தொடங்கும் பயிற்சி, இருக்கும் பார்வையை நன்கு பயன்படுத்தக் கற்றுத்தரும்.