துண்டு துண்டாய் அமைந்த விதானம்

கடைக்குள் நுழைந்தால் சரக்கைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். தலைக்கு மேலுள்ள சீலிங்கைப் பார்ப்பவர் சிலரே. விதானம் என்று தமிழில் சொல்லும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

முற்காலத்தில் ஐரோப்பிய மாளிகைகளில் பூவும் கொடியுமாக விதானத்தைச் சுண்ணச்சாந்தால் அமைத்தார்கள். அதற்குக் கைதேர்ந்த கொத்தர்கள் வேண்டும், செலவும் அதிகம். ஆகவே அந்த அழகு செல்வர் வீட்டோடு நின்றது. பலமாக அதிர்ந்தால் சாந்து பெயர்ந்து விழும் என்ற குறையும் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மண்டபத்தைக் கட்டியவர்களுக்கு இந்தக் குறையே கவலையாயிற்று. 1889-இல் திறக்கப்பட்ட அதன் பெரிய கூடத்தில் ஆர்கன் என்னும் குழாய் இசைக்கருவியை வைக்க முடிவு செய்திருந்தார்கள். 1890-இல் அது முழங்கத் தொடங்கியது. அதன் மிக நீண்ட குழாய் 64 அடி! அந்த முழக்கத்தில் சாந்து உதிர்ந்து மக்கள் தலையில் விழுந்தால் என்ன செய்வது? ஆகவே எர்னஸ்ட் வுண்டர்லிக் என்பவர் வழங்கிய துத்தநாகத் தகடுகளால் விதானம் அமைத்தார்கள். அது இன்றும் நிலைத்திருக்கிறது.

அதன் செய்முறை எளிது. உலோகத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தினால் பூவேலை புடைத்து நிற்கும். ஓர் அச்சிலிருந்து ஒரே மாதிரியான பல துண்டுகள் கிடைக்கும். அவற்றை மரச்சட்டங்களில் வரிசையாக ஆணியடித்து வண்ணம் பூசினால் விதானம் தயார். செலவு குறைந்ததால் கடைகள், விடுதிகள், எளியவர் வீடுகள் எங்கும் அது பரவியது. அமெரிக்கக் கடைகளிலும் அக்காலத்தில் எஃகுத் தகட்டு விதானங்கள் பெருகின.

ஆனால் மலிவானதெல்லாம் நல்லதாக அமைவதில்லை. வுண்டர்லிக் நிறுவனம் பின்னாளில் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடுகளையும் செய்தது. தீப்பிடிக்காது, விலையும் குறைவு என்று மக்கள் விரும்பி வாங்கினார்கள். அதன் தூசியைச் சுவாசித்தவர்களுக்கோ பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தன. தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் உழைத்தவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியா அஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடைசெய்தது.

நம் பழைய வீடுகளில் அத்தகைய கூரையோ விதானமோ இருந்தால் அதை அறுக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடவும் வேண்டாம். அழகும் மலிவும் நமக்கு வேண்டியவையே. எனினும், தலைக்கு மேல் இருப்பது நம் மூச்சுக்குக் கேடு செய்யாததா என்பதை முதலில் கேட்டறிவோம்.